புல்டாக் குட்டி வாங்கியாச்சா? தஞ்சாவூர் வெயில்ல அதை வளர்க்க இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்!

சப்பை மூக்கு, தொங்கும் கன்னம், உலகத்துக் கவலை மொத்தமும் தன் தலையில்தான் என்பதுபோல ஒரு முகம். இங்கிலீஷ் புல்டாக் குட்டி ஒன்று குறட்டை விட்டுத் தூங்கும் ரீல்ஸ் வந்தால் யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "செம க்யூட்ல!" என்று நண்பருக்கு ஃபார்வேர்டு பண்ணிவிடுவோம். ஆனால், ஒரு கால்நடை மருத்துவர் அதே வீடியோவைப் பார்த்தால் சவுண்டைக் கூட்டிவைத்துக் கேட்பார். அந்தக் குறட்டை பல நேரங்களில், மூச்சுக்காற்று போக வழி பத்தாமல் திணறும் சத்தம்.

இப்படியொரு குட்டி உங்க வீட்டுக்கும் வந்துவிட்டதா? இல்லை, வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி என்று டெல்டாவில் இருப்பவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மற்ற நாய்களுக்கு சாப்பாடு, தடுப்பூசி, பாசம் இருந்தால் ஓரளவு சமாளித்துவிடலாம். புல்டாக்குக்கு இவற்றோடு சேர்த்து, வெப்பத்தை 12 மாதமும் யாராவது கணக்கு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஒன்றில் கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் பிரயோஜனம் இல்லை.

மூக்கு ஏன் இப்படி ஆச்சு?

பேரிலேயே கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ஒருகாலத்தில் காளையைக் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடும் கொடூரமான விளையாட்டு இருந்தது. அதற்காக வளர்க்கப்பட்டவைதான் புல்டாக்கின் முன்னோர். 1835-ல் அங்கே சட்டம் போட்டு அந்த விளையாட்டைத் தடை செய்தார்கள். அதன்பிறகு இந்த நாய் கண்காட்சி மேடைக்கு வந்தது. முகம் எவ்வளவு தட்டையோ, தலை எவ்வளவு பெரிசோ அவ்வளவு அழகு என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில் மண்டையோட்டு எலும்பு சுருங்கிப்போனது. ஆனால், அதற்குள் இருக்கும் சதை அதே அளவில் சுருங்கவில்லை. சின்ன டிபன் பாக்ஸில் பெரிய டிபன் பாக்ஸ் சாப்பாட்டை அமுக்கி வைத்த மாதிரி! மூக்குத் துவாரம் ஒரு கோடு மாதிரி ஒடுங்கியிருக்கும். மேல் அண்ணம் நீண்டு தொண்டை வழியை மறைக்கும். மூச்சுக்குழாயும் பல குட்டிகளுக்குச் சிறிதாகவே இருக்கும்.

லண்டனில் இருக்கும் ராயல் வெட்டர்னரி காலேஜ் ஆய்வாளர்கள் 2022-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 2,662 இங்கிலீஷ் புல்டாக்குகளின் மருத்துவப் பதிவுகளை மற்ற நாய்களோடு ஒப்பிட்டதில், புல்டாக்குகளுக்கு ஏதாவது ஒரு நோய் இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. முக மடிப்புகளில் வரும் தோல் புண் சுமார் 38 மடங்கு, கண் ஓரத்தில் சிவப்பாகத் துருத்தும் 'செர்ரி ஐ' சுமார் 27 மடங்கு, மூச்சுவழி அடைப்பு சுமார் 19 மடங்கு அதிகம். அதே ஆண்டு வந்த இன்னொரு பிரிட்டிஷ் கணக்கு, இந்த இனத்தின் சராசரி ஆயுளை 7.4 வருஷம் என்று சொல்கிறது. நம் தெரு நாட்டு நாயை ஒழுங்காகச் சாப்பாடு போட்டு வளர்த்தால் அதைவிட அதிகம் இருக்கும்.

வெயில் ஏன் எமன்?

நமக்கு வேர்க்கும். நாய்க்குப் பாதத்தைத் தவிர உடம்பில் அப்படி வேர்ப்பது கிடையாது. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து, நாக்கிலும் மூக்கின் உள்பக்கத்திலும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும். நீண்ட மூக்கு என்றால் ஈரப்பரப்பு அதிகம். புல்டாக்குக்கு அந்த மூக்கே இல்லை. போதாததற்கு, ஒடுங்கிய வழியில் காற்றை இழுக்க அது தசையைப் போட்டு உழைக்க வேண்டும். அந்த உழைப்பே இன்னும் சூட்டைக் கிளப்பும். இரைக்க இரைக்கத் தொண்டைச் சதை வீங்கும், வழி இன்னும் அடைபடும். கடைசியில் தன்னைக் குளிர வைக்கச் செய்யும் முயற்சியே அதன் உயிருக்கு உலை வைத்துவிடும்.

பிரிட்டனில் 2020-ல் வந்த ஆய்வு ஒன்றில், லாப்ரடாரைவிட புல்டாக்குக்கு வெப்பத்தாக்கு வரும் வாய்ப்பு சுமார் 14 மடங்கு என்று கணக்கிட்டார்கள். 30 டிகிரி செல்சியஸ் அடித்தாலே செய்தியாகும் ஊரில் எடுத்த கணக்கு இது. நமக்கு 30 டிகிரி என்பது மார்கழிப் பகல்!

டெல்டாவில் இன்னொரு சிக்கல், காற்றின் ஈரப்பதம். மே மாத வெயிலைப் பார்த்து எல்லோரும் பயப்படுவோம். ஐப்பசியில் வானம் மூடி, மழை வராமல் புழுங்கும் நாள்களை யாரும் கண்டுகொள்ள மாட்டோம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாக்கில் இருக்கும் ஈரம் ஆவியாகாது. வெயிலே தெரியாத அந்த நாளிலும் புல்டாக் மயங்கி விழலாம். வயல்களில் தண்ணீர் தேங்கி நிற்கும் மாதங்களில் மொபைலில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் ஈரப்பதத்தையும் பார்க்கப் பழகுங்கள்.

இன்னும் வாங்கலையா? அப்போ இதைப் படிங்க

2017-ல் வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான மத்திய அரசு விதிகளின்படி, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். "35 நாள் குட்டி சார், இப்பவே எடுத்தாதான் உங்களோட ஒட்டும்" என்று யாராவது சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் சும்மா நிற்கும்போதே கர்ர் கர்ர் என்று இரைத்தால், குட்டிக்கும் அதே மூச்சுதான் வரப்போகிறது. குட்டியின் மூக்குத் துவாரம் வட்டமாகத் திறந்திருக்கிறதா, கோடுபோல மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ரெண்டு நிமிஷம் விளையாட விட்டு, மூச்சு எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்கு வருகிறது என்று கவனியுங்கள். முகத்தில் மடிப்பு அதிகம் இருப்பது 'குவாலிட்டி' என்று விலையை ஏற்றுவார்கள். வளர்க்கப்போகும் உங்களுக்கு அது தொல்லைதான்.

வெளியூரிலிருந்து குட்டியை பஸ்ஸில் பார்சலாக அனுப்புகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே ஏசி காரில், இரவு நேரத்தில் போய்க் கூட்டிவாருங்கள். தட்டை மூக்கு நாய்களை ஏற்றிச்செல்லப் பல விமான நிறுவனங்களே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. பஸ்ஸின் லக்கேஜ் அறை எம்மாத்திரம்?

சட்டத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் சுற்றுகிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்கு அனுப்பிய பட்டியலில் இருந்தது அமெரிக்கன் புல்டாக். அது வேற நாய், இது வேற நாய். அந்தச் சுற்றறிக்கையையும் அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால், 2024-லேயே தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை வேறு ஒரு கோணத்தில் பேசியது. பக், பிரெஞ்சு புல்டாக், சைபீரியன் ஹஸ்கி போன்ற, நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் ஊர் நாய்களை வளர்க்க ஊக்கம் தருவதும் அந்தக் கொள்கையில் இருக்கிறது. பிரெஞ்சு புல்டாக்கும் இங்கிலீஷ் புல்டாக்கும் ஒன்று கிடையாது. ஆனால், ஒன்றுக்குச் சொன்ன காரணம் இன்னொன்றுக்கும் அப்படியே பொருந்தும்.

என் கருத்தைக் கேட்டால், ஏசி இல்லாத வீட்டுக்கும், பகல் முழுக்க ஆள் இல்லாத வீட்டுக்கும் இந்தக் குட்டி வேண்டாம். ஆசை இருக்கிறது என்பதற்காக ஒரு உயிரைத் திணற வைக்க முடியாது இல்லையா?

வீட்டை முதல்ல தயார் பண்ணுங்க

முற்றமும் ஓட்டுக்கூரையும் இருக்கும் பழைய தஞ்சாவூர் வீடு உங்களுடையது என்றால் கொடுத்துவைத்தவர்கள். காற்று மேலே போய்விடும், ரேழியும் தரையும் குளுகுளுவென்று இருக்கும். கான்கிரீட் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை அப்படியில்லை. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி 11 மணி வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். குட்டியின் இடம் எப்போதும் கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத அறையில் இருக்கட்டும். மாடியில் கூண்டு, கார் ஷெட்டில் சங்கிலி... இதெல்லாம் இந்த இனத்துக்கு ஆகவே ஆகாது.

ஏசியை 24 முதல் 26 டிகிரிக்குள் வைத்தால் போதும். காற்று நேராகக் குட்டி மேல் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். "ஏர் கூலர் போதாதா?" என்று கேட்பீர்கள். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்ச்சி தருகிறது. கரூர் பக்கத்து வறண்ட வெயிலில் அது வேலை செய்யும். ஆடியிலிருந்து கார்த்திகை வரை நம் ஊர்ப் புழுக்கத்தில், மூடிய அறையில் கூலர் போட்டால் ஈரப்பதம்தான் ஏறும். ஜன்னல் திறந்து, ஃபேனும் சேர்த்துப் போட்டால் ஓரளவு உதவும்.

அடுத்து கரன்ட். இன்வெர்ட்டர் இருக்கே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனையும் லைட்டையும் இழுக்கும், ஏசியை இழுக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தும் மின்சாரம் சாயங்காலம்தான் வரும் என்ற அறிவிப்பு பேப்பரில் வரும்போது, அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்குக் குட்டி யார் வீட்டில் இருக்கும்? ஈரத் தரை எந்த அறையில்? பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் சொந்தக்காரர் யார்? இதெல்லாம் முதல் நாளே முடிவாகிவிட வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் பல நாள்கள் கரன்ட் இல்லாமல் கிடந்தது ஞாபகம் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் நமக்குப் பால் பவுடர், மெழுகுவத்தி வாங்குகிற மாதிரி, இதற்கும் ஐஸ் பாக்கெட், ரீசார்ஜ் ஃபேன், ஒரு வாரத் தீனி என்று எடுத்துவைக்க வேண்டியதுதான்.

தரை வழவழ டைல்ஸ் என்றால், குட்டியின் கால் நாலு பக்கமும் வழுக்கும். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு ஏற்கெனவே பலவீனம். அது நடக்கும் வழியில் ரப்பர் மேட் அல்லது சாக்கு விரியுங்கள். கோரைப்பாய் குளிர்ச்சிதான், ஆனால் பல் முளைக்கும் 3 முதல் 7 மாதத்தில் அதைப் பிய்த்துத் தின்றுவிடும். மாடிப்படியிலும் சோபாவிலும் ஏறி இறங்க விடாதீர்கள். அறைக்குள் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்திப் புகை வேண்டாம். கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

தயிர் சாதம் போதுமா?

நெல் விளையும் ஊர். நாய்க்கும் சோறுதான் என்பது நம் பாட்டிகள் காலத்து வழக்கம். பால் சோறும் தயிர் சோறும் தின்று கம்பீரமாக வளர்ந்த நாய்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். ஆனால், வளரும் குட்டிக்குத் தீனியில் 22 சதவிகிதத்துக்குக் குறையாமல் புரதம் வேண்டும். வெறும் சோற்றில் அதில் பாதிகூட இல்லை. வயிறு நிறையும், எடை ஏறும், எலும்பும் தசையும் ஏறாது. பசும்பாலைச் செரிக்கும் சக்தி தாய்ப்பால் மறந்த குட்டிகளுக்குக் குறைவு என்பதால் வயிற்றுப்போக்கும் வரும்.

வளர்ப்பவர் கொடுத்த அதே தீனியை முதல் வாரம் அப்படியே தொடருங்கள். பிறகு பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து 7 முதல் 10 நாள்களில் மாற்றலாம். 2 மாதக் குட்டிக்கு நாளைக்கு 4 வேளை, 4 மாதத்திலிருந்து 3 வேளை, 6 மாதத்துக்குப் பிறகு 2 வேளை. வீட்டுச் சாப்பாடுதான் தருவேன் என்றால், எலும்பு நீக்கி வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் சோறு, பூசணி, கேரட் என்று டாக்டரிடம் அளவு கேட்டுப் போடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம் கூடாது. கடையில் 'எலும்பு பலத்துக்கு' என்று தரும் கால்சியம் சிரப்பை நீங்களாக ஊற்றாதீர்கள். நல்ல குட்டித் தீனியிலேயே தேவையான கால்சியம் இருக்கிறது. அதிகமானால் எலும்பு வளர்ச்சி கோணலாகும்.

புல்டாக்குக்கு அவசரம் ஜாஸ்தி. மூச்சு விடாமல் அள்ளி விழுங்கி, காற்றையும் சேர்த்து முழுங்கி, அப்புறம் வீட்டையே நாறடிக்கும். (இதைப் பற்றி ரீல்ஸில் யாரும் சொல்வதில்லை!) அகலமான, ஆழமில்லாத தட்டு வையுங்கள். சாப்பிட்ட கையோடு ஓட விடாதீர்கள்.

எடைதான் அடுத்த எதிரி. வளர்ந்த புல்டாக் 23 முதல் 25 கிலோ இருக்கலாம். கொழுப்பு கூடினால் தொண்டையைச் சுற்றியும் கூடும், மூச்சுவழி இன்னும் அடைக்கும். விலா எலும்பைக் கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். "பாவம், பார்க்குது பாரு" என்று தாத்தா ஒரு வடை, அம்மா ஒரு பிஸ்கட், தம்பி கொஞ்சம் அசோகா என்று நீட்டுகிற வீட்டில் இதுதான் பெரிய போராட்டம். பொத்தாம்பொதுவாகத் தடை போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் தீனியில் ஒரு பிடியைத் தனி டப்பாவில் எடுத்துவைத்து, "கொடுக்கணும்னா இதிலிருந்து கொடுங்க தாத்தா" என்று சொல்லிப் பாருங்கள், வேலை செய்யும். சாக்லேட், திராட்சை, காபி மட்டும் ஒரு துளிகூட வேண்டாம், அவை விஷம்.

ஊசி, உண்ணி, எலி

6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி. அதன்பிறகு 16 வாரம் ஆகும் வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை. பார்வோ, டிஸ்டெம்பர் ரெண்டும் குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் நோய்கள். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும் வரை தெரு மண்ணில் இறக்காதீர்கள். 3 மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிற இடைவெளியில் பூஸ்டர். குடற்புழு மருந்து 3 மாதம் வரை 15 நாளைக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை.

டெல்டாவில் வசிப்பவர்கள் தனியாகக் கேட்க வேண்டியது, 'இந்த ஊசியில் லெப்டோ இருக்கா டாக்டர்?' லெப்டோஸ்பைரோசிஸ் என்பது நம் ஊர் பாஷையில் எலிக்காய்ச்சல். வயல் எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாற்றங்கால், வாய்க்கால் ஓரம், மழைக்குப் பிந்தைய கொல்லைப்புறம், எல்லாமே ரிஸ்க்தான். ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். ஆரம்பத்தில் ரெண்டு டோஸ், பிறகு வருஷா வருஷம். எலிக்கு வயலில் வைக்கும் விஷ உருண்டையும் இதேபோல ஆபத்து. வரப்பில் மோந்து பார்த்துக்கொண்டு போகும் குட்டியின் வாய்க்கு அது ஒரு பிஸ்கட்தான்.

உண்ணியும் இங்கே வருஷம் முழுக்க உண்டு. உண்ணிக் காய்ச்சல் வந்தால் குட்டி சோர்ந்துபோகும், ஈறு வெளுக்கும், சில நேரம் மூக்கில் ரத்தம் வரும். மாத்திரையோ, கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ, வயதும் எடையும் பார்த்து டாக்டர் தருவதை மட்டும் பயன்படுத்துங்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் குட்டி மேல் தேய்க்கும் பழக்கம் கிராமங்களில் இருக்கிறது. அது உயிருக்கே உலை. உண்ணியைக் குட்டி உடம்பில் மட்டும் தேடாமல் சுவர் விரிசல், கதவு நிலை இடுக்கிலும் தேடுங்கள். அது முட்டை போடுவது அங்கேதான்.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012-லிருந்து இயங்குகிறது. குட்டி வந்த முதல் வாரத்திலேயே ஒரு டாக்டரிடம் காட்டி, மூக்கு, தொண்டை, இதயம், கண் எல்லாவற்றையும் சோதித்து ஃபைல் போட்டுவிடுங்கள். மூக்குத் துவாரம் ரொம்ப ஒடுங்கியிருந்தால் சின்ன அறுவை சிகிச்சையில் விரிவாக்க முடியும். எந்த வயதில் செய்யலாம் என்பதை டாக்டர் முடிவு செய்வார். பிறகு கருத்தடை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் செய்வதுண்டு. தட்டை மூக்கு நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பது நுணுக்கமான வேலை என்பதால், 'இந்த இனத்துக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா?' என்று தயங்காமல் கேளுங்கள். இரவு நேரத்தில் போன் எடுக்கும் இரண்டு டாக்டர்களின் நம்பராவது உங்க மொபைலில் இருக்க வேண்டும்.

மடிப்புக்குள்ள என்ன இருக்கு?

முக மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். கண்ணீர், எச்சில், தீனித் துகள் எல்லாம் அங்கே தங்கி ஊறும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ரெண்டு நாள் விட்டால் சிவந்து, நாற்றம் அடித்து, புண்ணாகிவிடும். தினம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டுமுறை, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இதில் ரெண்டாவது வேலைதான் முக்கியம். ஈரத்தோடு விடுவதும் துடைக்காமல் விடுவதும் ஒன்றுதான். தேங்காய் எண்ணெய், மஞ்சள், முகப் பவுடர் எதுவும் மடிப்புக்குள் வேண்டாம்.

பலரும் மறந்துபோகும் இடம் வால். திருகிக்கொண்டு உள்ளே புதைந்த வால் என்றால், அதற்கு அடியில் ஒரு குழி இருக்கும். அங்கேயும் இதே வைத்தியம். குட்டி தரையில் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் முதலில் அந்தக் குழியைப் பாருங்கள். விரல் இடுக்கில் கொப்புளம், காதில் நாற்றம், உடம்பில் வட்ட வட்டமாக முடி கொட்டுவது எல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை.

கண் ஓரத்தில் திடீரென்று சிவப்பு மணி மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தால் அதுதான் செர்ரி ஐ. பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். அது கண்ணீர் சுரக்கும் சுரப்பி என்பதால் வெட்டி எடுத்தால் கண் பிற்பாடு காய்ந்துபோகும். உள்ளே தள்ளித் தையல் போடுவதுதான் சரியான சிகிச்சை.

மயங்கி விழுந்தா என்ன செய்யணும்?

இந்தப் பகுதியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். குட்டியோடு பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் அளவு, அதற்கு நார்மல். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. தெர்மாமீட்டர் தேடுவதற்கு முன்பே அறிகுறி தெரியும். மூச்சுச் சத்தம் வழக்கத்தைவிடக் கரகரவென்று கூடும். நாக்கு அகலமாக விரிந்து நுனி மடங்கும். எச்சில் கட்டியாக, நூல் நூலாக வரும். ஈறு செக்கச்செவேல் என்று ஆகும், அல்லது நீலம் பாயும். நடை தள்ளாடும், வாந்தி எடுக்கும்.

இதில் ஒன்று தெரிந்தாலும் முதலில் குளிர வையுங்கள், பிறகு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நிழலுக்குக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணீரைக் கழுத்து, வயிறு, அக்குள், தொடை எல்லாம் நனையும்படி ஊற்றிக்கொண்டே ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகக் கூடாது. தலையை உயர்த்திப் பிடியுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள், அது கம்பளி மாதிரி சூட்டை உள்ளே பிடித்துக்கொள்ளும். நினைவு இருந்தால் தண்ணீரை முன்னால் வையுங்கள், தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயைத் திறந்து ஊற்ற வேண்டாம். வெப்பம் 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, ஏசி காரில் கிளம்புங்கள். எழுந்து வாலாட்டினாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகம் கெட்டிருந்தால் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். காய்ச்சல்தானே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஈரலும் ரத்தமும் பாழாகும்.

எந்த மாசம், எப்போ வாக்கிங்?

பெரும்பாலும் மே 4-ல் தொடங்கி 28 வாக்கில் முடியும் கத்திரி வெயில் நாள்களில் வாக்கிங்கே வேண்டாம். விடியற்காலை 5 மணிக்கு வாசலில் 10 நிமிஷம், அவ்வளவுதான். மற்ற மாதங்களில் காலை 6-க்குள், ராத்திரி 8-க்கு மேல். புறங்கையைத் தார் ரோட்டில் 7 விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் குட்டியும் நடக்கக் கூடாது. கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றி மாட்டும் பெல்ட் போடுங்கள். அது உட்கார்ந்துவிட்டால் உங்களுக்கும் நடை முடிந்தது. 'சோம்பேறி' என்று இழுக்காதீர்கள்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் சில நாள்களில் தண்ணீர் கல்லணையைத் தாண்டி நம் ஆறு, வாய்க்கால் எல்லாம் ஓடும். தஞ்சாவூருக்குள்ளேயே புது ஆறு ஓடுகிறது. நாய் என்றால் நீந்தும் என்ற நம்பிக்கையில் யாராவது செல்ஃபிக்காக இறக்கிவிடுவார்கள். கனமான தலை, அகன்ற மார்பு, குட்டைக் கால். புல்டாக் கல் மாதிரி மூழ்கும். குளிர வைக்க வேண்டுமென்றால் வீட்டில் கணுக்கால் அளவுத் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் தொட்டி போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாம்பும் மேட்டைத் தேடி வீட்டுப் பக்கம் வரும். கொல்லைப்புறத்துக்கு டார்ச் இல்லாமல் குட்டியை அனுப்பாதீர்கள். இதற்கு நடுவில் தீபாவளி வேறு. வெடிச் சத்தத்தில் பயந்து இரைக்கும் புல்டாக் குளிரான நாளிலும் சூடேறிவிடும். அன்று ராத்திரி உள்அறை, மூடிய ஜன்னல், ஓடும் ஏசி, பக்கத்தில் ஒரு ஆள்.

மார்கழி, தை வந்துவிட்டால் இதற்குக் கொண்டாட்டம்தான். குட்டி உண்மையிலேயே ஓடி ஆடுவதை அப்போதுதான் பார்ப்பீர்கள். ஆனால், சம்பா அறுவடையும் அப்போதுதான். ரோட்டில் நெல் காயும், வைக்கோல் பரப்பிக் கிடக்கும், கதிரடிக்கும் தூசி பறக்கும். நெல்லின் சுணை மூக்கிலும் விரல் இடுக்கிலும் முக மடிப்பிலும் ஏறிக்கொள்ளும். களம் இருக்கும் பக்கம் போகாமல் வேறு வழியாக நடத்திக் கூட்டிவாருங்கள். வீட்டுக்கு வந்ததும் நாலு பாதத்தையும் கழுவித் துடைத்து, விரல் இடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.